எம்1 கார்பைனின் 9 மி.மீ. நகல்: எதை வைத்துத் தரம் பிரிப்பது?

#1 உளிக்கை

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க எம்1 கார்பைனின் உருவத்தில், 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா சுடும் நகல்கள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கின்றன. இத்தாலியின் கியாப்பா நிறுவனத்தின் எம்1-9 பலருக்கும் தெரிந்தது. படத்தில் பார்த்தால் அசலோடு சேர்த்து வைக்கலாம் போலிருக்கும். உள்ளே இயங்கும் முறை முழுக்க வேறு. தேய்மானக் காலத்தையும் விலையையும் விட்டுவிட்டு, "இது நல்ல நகல், இது சுமாரான நகல்" என்று எதை வைத்துச் சொல்வது? உங்கள் அளவுகோலை எழுதுங்கள்.

நம்மூரில் "கார்பைன்" என்றதும் போலீஸ்காரர் தோளில் தொங்கும் 9 மி.மீ. ஸ்டெர்லிங் வகைதான் (கான்பூரில் செய்யப்பட்ட 1ஏ1) நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதுவல்ல. இது கட்டை பிடித்துத் தோளில் அணைத்துச் சுடும் சின்ன ரைபிள்.

#2 சுழல்பூட்டு

அசல் எப்படி இருந்தது என்பதை முதலில் வைத்துக்கொண்டால் நகலை அளப்பது எளிது. 1941-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றது. வெற்று எடை 2.36 கிலோ, நீளம் 90 செ.மீ., குழல் 18 அங்குலம். போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்ட் பிரிவு, வின்செஸ்டர், தட்டச்சு எந்திரம் செய்த அண்டர்வுட், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா, ஐபிஎம் என்று பத்து முதன்மை ஒப்பந்தக்காரர்கள். அத்தனை இடத்தில் செய்த பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது விதி. நகலைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

இயக்கம்: குழலுக்கு அடியில் சின்ன பிஸ்டன். சுட்டதும் வாயு அதை நாலு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் தள்ளும். அந்தத் தட்டு போதும். ஸ்லைடு (போல்ட்டை இழுத்துச் செல்லும் தண்டு) பின்னால் ஓடும், போல்ட் (தோட்டா உட்காரும் அறையைப் பின்னாலிருந்து மூடும் துண்டு) சுழன்று பூட்டு அவிழும். குழலில் அழுத்தம் இறங்கிய பிறகுதான் பூட்டு திறக்கிறது. அதனால் போல்ட் இலேசாக இருக்கலாம். துப்பாக்கியின் எடை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

9 மி.மீ. நகலில் பூட்டே கிடையாது. போல்ட்டின் நிறையும் ஸ்ப்ரிங்கும்தான் தோட்டாவைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆங்கிலத்தில் ப்ளோபேக் என்பார்கள். என் அளவுகோல் இங்கிருந்துதான் தொடங்குகிறது: தோட்டா மாறியதால் மாற வேண்டியவை எவை, மாறத் தேவையில்லாமல் மாற்றப்பட்டவை எவை? முதல் வகையை மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னிக்கக் கூடாது.

#3 கணக்குப்பிள்ளை

தோட்டா என்ன மாற்றுகிறது என்பதற்கு எண்கள்.

.30 கார்பைன் (அசல் எம்1 சுடும் தோட்டா): 110 கிரெய்ன் குண்டு, அதாவது 7.13 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 607 மீட்டர். ஆற்றல் சுமார் 1,310 ஜூல்.

9 மி.மீ.: 115 கிரெய்ன், 7.45 கிராம். கைத்துப்பாக்கியில் நொடிக்கு 360 மீட்டரைச் சுற்றி வரும் சரக்கு, 18–19 அங்குலக் குழலில் 400 மீட்டர் அளவுக்கு ஏறும். ஆற்றல் சுமார் 600 ஜூல். பாதிக்கும் கீழே. குழலை எவ்வளவு நீட்டினாலும் இந்த இடைவெளி அடையாது; 9 மி.மீ. மருந்து சீக்கிரம் எரிந்து முடிந்துவிடுகிறது, கடைசி சில அங்குலங்களில் கிடைப்பது சொற்பம்.

பாதையையும் பாருங்கள். 50 மீட்டரில் குறி சரிசெய்த 9 மி.மீ., 100 மீட்டரில் 20 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்து விழும். .30 கார்பைனை 100 கஜத்தில் சரிசெய்தால் 200 கஜத்தில்தான் 35 செ.மீ. அளவுக்கு விழுகிறது. ஆகவே நகலை 200 மீட்டரில் வைத்துச் சுட்டுவிட்டு "துல்லியமில்லை" என்று எழுதுவது அநியாயம். அதன் களம் 50 மீட்டர், நீட்டினால் 75. அதற்குள் அளந்து பேசுங்கள்.

#4 கந்தகம்

> 9 மி.மீ. என்பதால் உதையே இருக்காது

இந்த இழையில் யாரும் இதைச் சொல்லவில்லை, ஆனால் விற்பனைக் குறிப்புகளில் அடிக்கடி வரும் வரி என்பதால் எடுத்தேன். மொத்த உதை .30-ஐவிடக் குறைவுதான். ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறைவதில்லை, அதன் குணமும் வேறு. 7.45 கிராம் குண்டு 400 மீட்டரில் போனால், மருந்துப் புகையின் பங்கையும் சேர்த்து, 650 கிராம் நிறையுள்ள போல்ட் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அது பின்சுவரில் போய் மோதும்போது ஒரு தட்டு, திரும்பி முன்னால் ஓடி அறையை மூடும்போது எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. தோளில் ஒரே தள்ளலாக இல்லாமல் இரண்டு தட்டாகத் தெரியும். இரண்டாவது தட்டில்தான் குறி கலைகிறது.

ஸ்ப்ரிங் சோர்ந்திருந்தால் முதல் தட்டு கடுமையாகும், கூடவே கட்டையின் பின்பகுதியில் அடி விழும். ரூகர் பிசி கார்பைனில் போல்ட்டுக்குள் நகரும் டங்ஸ்டன் எடை வைத்தது இந்தத் தட்டை மழுக்கத்தான். எம்1 உருவத்துக்குள் அதற்கு இடம் குறைவு.

#5 ரவைப்பை

என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சுழலும் போல்ட்டும் குட்டைப் பிஸ்டனும்தான் எம்1. அதை எடுத்துவிட்டு, கட்டையையும் குழல் வளையத்தையும் மட்டும் வைத்தால் எஞ்சுவது உடுப்பு. .30 கார்பைன் தோட்டாவிலேயே ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் போன்றவர்கள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நகல் வேண்டுமென்றால் அதை வாங்கட்டும். 9 மி.மீ. வேண்டுமென்றால் அதற்கென்றே வடிவமைத்த கார்பைன்கள் இருக்கின்றன. நடுவில் நிற்பது எதற்கு?

#6 சுழல்பூட்டு

@ரவைப்பை, பாதி ஒப்புக்கொள்கிறேன் தோழர். ஆனால் தோட்டா விலையை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவில் .30 கார்பைன் தோட்டா 9 மி.மீ.யைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. மாதம் 300 தோட்டா பயிற்சி செய்பவருக்கு அது பெரிய தொகை. அசலை வைத்திருப்பவர் அதே பிடி, அதே குறி, அதே எடையில் மலிவாகப் பயிற்சி எடுக்க ஒரு துப்பாக்கி தேடினால் அதில் குறையில்லை. இப்போது கேள்வி மாறுகிறது: கைக்குத் தெரியும் பாகங்கள் அசலைப்போல இருக்கின்றனவா? இயந்திரத்தை விட்டாலும் கையை விடக் கூடாது.

கைக்குத் தெரிபவை: எடையும் அது எந்த இடத்தில் விழுகிறது என்பதும், கன்னம் கட்டையில் உட்கார்ந்ததும் துவாரக்குறிக்குள் முன்குறி தானாக வருகிறதா என்பதும், ஸ்லைடு கைப்பிடியின் இடம், பாதுகாப்புத் தடை, மேகசின் (தோட்டா அடுக்கிய பெட்டி) விடுவிப்பு. இந்தக் கடைசி இரண்டுக்கும் அசலில் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பத்தில் தடையும் அழுத்துபொத்தான்தான். மேகசின் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்ததால், தடையை எடுக்கப் போய் மேகசினைக் கீழே விட்டார்கள். அதனால்தான் பின்னாளில் சுழலும் நெம்புகோலாக மாற்றினார்கள். எந்த வகைத் தடை இருக்கிறது என்பதை வைத்தே நகல் எந்த ஆண்டின் உருவத்தைப் பின்பற்றுகிறது என்று படிக்கலாம். பொத்தான் தடை, மடக்குக் குறி (150, 300 கஜம் என்று இரண்டே நிலை), பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் காது இல்லாத வளையம் மூன்றும் ஒரே காலத்தவை. நெம்புத் தடை, நகர்த்தும் பின்குறி, காது வைத்த வளையம் பிந்தியவை. இரண்டையும் கலந்து வைத்தால் நகல் செய்தவர் படத்தைப் பார்த்துச் செய்தார் என்று பொருள். அதிலும் ஒரு எச்சரிக்கை: போருக்குப் பின் பழுதுபார்ப்பில் அசல்களே கலந்துவிட்டன, அதனால் கலப்பை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

#7 செம்பருத்தி

கடையில் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துவிட்டுத்தான் மற்றது எல்லாம்.

துப்பாக்கியை நேராக நிறுத்தி, பின்னாலிருந்து முன்குறியைப் பாருங்கள். முன்குறி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பின்குறியைத் திருகிக் குறியைச் சரிசெய்துவிடலாம் என்பார்கள்; பக்கத்துக்கு எடுத்துவிடலாம் என்பது உண்மை, ஆனால் தூரம் மாறும்போதெல்லாம் பிழை திரும்பி வரும்.

அடுத்து காந்தம். சின்ன காந்தத்தை ரிசீவர் (போல்ட் ஓடும் நடுக்கூடு) மேல் வையுங்கள். ஒட்டவில்லையென்றால் அது உருக்கு இல்லை. துத்தநாக அல்லது அலுமினியக் கலவை. .22 நகல்களில் இது சகஜம், அந்தத் தோட்டாவுக்குப் போதும். 9 மி.மீ.யில் கலவை ரிசீவர் என்றால் போல்ட் பின்னால் மோதும் இடத்திலும், கட்டைத் திருகு உட்காரும் இடத்திலும் தகடோ உருக்குத் துண்டோ உள்ளே வைத்திருக்கிறார்களா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். வைக்கவில்லையென்றால் அங்கேதான் விரிசல் தொடங்கும்.

பிறகு கட்டை. ரிசீவரின் வால் கட்டைக்குள் இருக்கும் பின்தகட்டில் பிடித்து உட்காரும். முன்னால் வளையம் குழலைக் கட்டையோடு கட்டும். வளையத்தின் திருகைத் தளர்த்தி வளையத்தை முன்னால் தள்ளுங்கள். அசலில் சரியாகப் பொருந்திய கட்டையில், குழல் தானாகச் சில மில்லிமீட்டர் மேலெழுந்து நிற்கும். அதை அழுத்திக் கீழே இறக்கித்தான் வளையத்தை ஏற்ற வேண்டும். அந்த அழுத்தம்தான் ஒவ்வொரு சுடலிலும் குழலை ஒரே இடத்துக்குத் திரும்பக் கொண்டு வருவது. நகலில் குழல் கட்டைக்குள் தொளதொளவென்று கிடந்தால், முதல் ஐந்து குண்டு ஓரிடத்திலும் சூடேறிய பிறகு அடுத்த ஐந்து வேறிடத்திலும் போகும். தோட்டாவை மாற்றியோ குறியை மாற்றியோ அது சரியாகாது. கட்டை வளைவாகப் பொருந்தாமல், வளையத்தை முறுக்கி இறுக்கி நேராக்கியிருந்தாலும் இதே கதைதான்.

எண்ணெய்க்குப்பியையும் பார்த்துவிடுங்கள். அசலில் பின்கட்டையில் ஒரு நீள்சதுரத் துளை, அதில் வாரைச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள் எண்ணெய்க்குப்பியைச் செருகினால் வார் நிற்கும். குப்பியே கொக்கி. பல நகல்களில் வெளிப்புறம் மட்டும் பள்ளம் வெட்டி, குப்பி போலப் பொய்த்துண்டு ஒட்டியிருப்பார்கள். அசல் வாரும் குப்பியும் ஏறுகிறதா என்று போட்டே பாருங்கள். செலவில்லாமல் சரியாகச் செய்யக்கூடிய ஒன்றை விட்டவர்கள் மற்ற இடத்திலும் விட்டிருப்பார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

#8 உளிக்கை

@செம்பருத்தி அக்கா, மேகசின் பற்றி? எம்1-9 பெரெட்டா 92 மேகசினை எடுக்கிறது. அது நல்லதா கெட்டதா?

#9 செம்பருத்தி

நல்லது, நன்றாகவே நல்லது. ஏற்கெனவே லட்சக்கணக்கில் செய்த மேகசின், எங்கும் கிடைக்கும். பெட்டியோடு 10 தோட்டா மேகசின் வரும், 15 தோட்டா தனியாக வாங்கலாம், மாநிலச் சட்டம் அனுமதித்தால். நகல் செய்பவர் தனக்கென்று ஒரு மேகசின் வடிவமைத்தால், உற்பத்தி நின்ற மறுநாள் துப்பாக்கி ஒரு கம்பி.

சிக்கல் வேறு. .30 தோட்டாவின் முழு நீளம் 42.7 மி.மீ., 9 மி.மீ.யினுடையது 29.7. அசலின் மேகசின் வாய் அகலமானது. நகலில் அதைச் சுருக்கியாக வேண்டும். அந்தச் சுருக்கத்தில்தான் தொளதொளப்பு புகும். மேகசினைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், மேகசின் தாழ்ந்து நிற்கும் நேரத்தில் போல்ட் தோட்டாவின் விளிம்பைத் தவறவிட்டு வெறும் அறையை மூடும். "கிளிக்" என்று சத்தம் மட்டும் கேட்கும். தோட்டா கோளாறு என்று நினைத்து விசையைத் திரும்ப இழுப்பார்கள்; அறையில் தோட்டாவே இருக்காது. ஆனால் குழல் 30 நொடி குறி வைத்தபடியே இருக்கட்டும், பிறகு திறந்து பாருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் இந்தச் சத்தத்தையே தரும்.

அசல் எம்1-ல் 15 தோட்டா மேகசின் காலியானால் போல்ட் பின்னால் நிற்காது. ஸ்லைடில் ஒரு சின்ன ஊசிப்பொத்தான் இருக்கும், அதை அழுத்தி நிறுத்திக்கொள்ள வேண்டும். நகலிலும் காலியானதும் நிற்காவிட்டால் குறை சொல்லாதீர்கள், அது அசலுக்கு விசுவாசம். பொத்தான் ஸ்லைடை உறுதியாகப் பிடிக்கிறதா, கட்டையைத் தரையில் மெல்லத் தட்டினால் விழுகிறதா என்பதைச் சோதியுங்கள்.

#10 கந்தகம்

சுடும் சோதனைக்கு என் முறை. மூன்று தோட்டா எடையில் செய்யுங்கள்: 115, 124, 147 கிரெய்ன், மூன்றும் உருண்டை முனை, தொழிற்சாலைச் சரக்கு. 50 மீட்டரில் சாய்மேசையில் கட்டையை மணல்பையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து குண்டாக மூன்று கூட்டம் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் தொகுதி). ஒரு நல்ல கூட்டத்தை மட்டும் படமெடுத்துப் போடுவதில் பயனில்லை, மூன்றின் சராசரியைப் போடுங்கள். மூன்று எடையும் ஒரே உயரத்தில் விழாது, அது குறையல்ல.

முதல் 50 தோட்டாவுக்குப் பிறகு காலி கூடுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வையுங்கள். துப்பாக்கி தன்னைப் பற்றிச் சொல்வது அதில்தான். கூட்டின் அடிப்பகுதியில், விளிம்புக்குச் சற்று மேலே ஒரு பக்கம் புடைத்திருந்தால் போல்ட் சீக்கிரம் திறக்கிறது. நிறை போதவில்லை அல்லது ஸ்ப்ரிங் தளர்வு. அந்தத் துப்பாக்கியில் அழுத்தம் கூடிய சரக்கு போடாதீர்கள். கூட்டின் வாயில் மசி படிந்து, கூடு பள்ளத்தில் கறுத்து வருவது ப்ளோபேக்கின் இயல்பு. ஒவ்வொரு 200–300 சுடலுக்கும் அறையையும் போல்ட் முகத்தையும் துடைத்தால் போதும். கூடு வெளியேறாமல் வாயிலில் நின்றுபோவது அடிக்கடி நடந்தால், பலவீனமான தோட்டாவா, எடுப்பானின் (கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) ஸ்ப்ரிங்கா என்று பிரியுங்கள்: அதே மேகசினில் 124 போட்டும் நின்றால் தோட்டா காரணமில்லை.

குழி முனைத் தோட்டா கடைசியில். சறுக்குமேடை (தோட்டா அறைக்குள் ஏறும் சரிவு) சரியில்லாத நகல்கள் உருண்டை முனையை விழுங்கும், குழியில் திணறும்.

#11 கணக்குப்பிள்ளை

முன்குறி பற்றி ஒரு கணக்கு, பலர் இதில் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். எம்1-ன் குறிகளுக்கிடையே தூரம் சுமார் 546 மி.மீ. 50 மீட்டரில் குண்டு 15 செ.மீ. கீழே விழுகிறது, பின்குறி மேலே ஏற இடமில்லை என்றால், முன்குறி பட்டை உயரம். குறைக்க வேண்டியது: 150 × 546 ÷ 50,000 = 1.64 மி.மீ. மேலே விழுந்தால் அராவி ஒன்றும் ஆகாது, உயரமான பட்டை வேண்டும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே உயரமாக வைத்து அனுப்புவதுண்டு.

கணக்கு 1.64 சொன்னாலும் முதலில் 0.8 மட்டும் அராவுங்கள், மூன்று கூட்டம் சுடுங்கள், பிறகு மிச்சம். இரு பக்கக் காதுகளையும் அரம் தொடக் கூடாது, குறுகிய அரம்தான். எந்தத் தோட்டாவுக்கு அராவுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதிக் கட்டைக்குள் ஒட்டிவிடுங்கள். 147-க்கு அராவிவிட்டு 115 சுட்டால் மறுபடி குழப்பம்.

#12 ரவைப்பை

சரி, பயிற்சித் துப்பாக்கி என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஒன்று: அப்படியானால் விசையின் எடையும் அசலைப் போல இருக்க வேண்டும். அசலில் 2.3 முதல் 3.2 கிலோவுக்குள். ஸ்ப்ரிங் தராசில் மாட்டி ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். நகலில் நாலு கிலோவுக்கு மேல் என்றால், அதில் பழகிய விரல் அசலில் முந்திச் சுடும்.

#13 சுழல்பூட்டு

@ரவைப்பை, இதில் முழு உடன்பாடு.

உளிக்கை கேட்டது எம்1 நகல் பற்றித்தான் என்றாலும் மற்ற ராணுவத் துப்பாக்கி நகல்களின் திசையையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நகலிலும் பிஸ்டல் தோட்டா அந்நியமில்லை. பிரிட்டனின் டி லைல் கார்பைன் பிறக்கும்போதே .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கானது. லீ-என்ஃபீல்டின் போல்ட், தாம்சனின் குழல், கோல்ட் 1911-ன் மேகசின், மேலே முழுநீள ஒலியடக்கி. போரில் சுமார் 130 மட்டும். பர்மாவிலும் பின்னர் மலாயாவிலும் பயன்பட்டது. மலாயா அவசரகாலத்தில் (1948–1960) எம்1 கார்பைனும் அங்கே புழங்கியது. டி லைல் நகலில் இயக்கம் பற்றி வாதமே வராது. கையால் இழுக்கும் போல்ட், அசல் தோட்டா. அங்கே கேள்வி ஒலியடக்கி. அமெரிக்காவில் உண்மையான அடக்கி என்றால் 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி பதிவு வேண்டும். பொய் உறை என்றால் பதிவு வேண்டாம், ஆனால் அந்தத் துப்பாக்கி இருப்பதற்கான காரணமே போய்விடுகிறது.

அதே சட்டம்தான் தாம்சன் நகல்களைக் கெடுத்ததும். தோளில் வைக்கும் துப்பாக்கிக்கு 16 அங்குலக் குழல் வேண்டும். அசல் எம்1ஏ1 தாம்சன் 10.5 அங்குலம், 4.8 கிலோ. 1927ஏ1 நகல் 16.5 அங்குலம், 5.9 கிலோ. ஒரு கிலோவுக்கு மேல் கூடியதோடு, எடை முன்னால் போய்விட்டது. தோளில் வைத்த நொடியே தெரியும். எம்1 கார்பைனுக்கு அந்த வம்பில்லை; அசலே 18 அங்குலம். பிஸ்டல் தோட்டாவுக்கு மாற்றினாலும் உருவத்தை நீட்ட வேண்டியதில்லை. இந்த வகையில் எம்1-ஐ நகலுக்குத் தேர்ந்தது சரியான முடிவு.

#14 உளிக்கை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. உதிரிப்பாகம்? அசலின் பாகங்கள் ஏறுமா?

#15 செம்பருத்தி

இயக்கத்துக்குரியவை ஏறாது: போல்ட், ஸ்லைடு, விசைப்பெட்டி, மேகசின் பிடி. ஏற வைக்க முயலவும் வேண்டாம். வார், எண்ணெய்க்குப்பி, சில நகல்களில் வளையம் ஆகியவை ஏறும். கட்டையை மாற்ற நினைத்தால் ரிசீவரின் வாலையும் விசைப்பெட்டியின் நீளத்தையும் அளந்த பிறகு வாங்குங்கள். மேலே பார்க்க ஒன்றுபோல் இருந்து உள்ளே மூன்று நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கட்டையைக் குடைய வேண்டியிருக்கும், குடைந்தால் மேலே சொன்ன அழுத்தம் போய்விடும்.

வாங்கும் நாளிலேயே எடுத்து வைக்க வேண்டியவை: மீள் ஸ்ப்ரிங் இரண்டு, எடுப்பானும் அதன் ஸ்ப்ரிங்கும் ஒரு ஜோடி, சுடுமுள் ஒன்று. புது ஸ்ப்ரிங்கின் நீளத்தை அளந்து எழுதிவைத்து, 1,000 சுடலுக்கு ஒருமுறை பழையதோடு ஒப்பிடுங்கள். நீளம் குறைந்து வந்தால் கூடு புடைக்கும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.